அலைக்கும் சதுப்புக்கும் நடுவே ஓர் ஊர்ப் பத்திரிகை

போர்த் என்ற ஊருக்கு ஒரே ஒரு தெரு என்று சொன்னால் பெரிய தவறில்லை. வேல்ஸின் மேற்குக் கரையில், அபரிஸ்த்வித் நகரிலிருந்து வடக்கே ஏழு மைல் போல இருக்கிறது. கூழாங்கற்கள் குவிந்து உண்டான ஒரு நீண்ட மேட்டின் மேல் வீடுகள் வரிசையாக நிற்கின்றன. ஒரு வரிசைக்குக் கொல்லைப்புறமே கடல். எதிர் வரிசைக்குப் பின்னால் ரயில் பாதை, அதையும் தாண்டினால் கோர்ஸ் வோக்னோ என்னும் பரந்த சதுப்பு நிலம். சுமார் 1,400 பேர் வசிக்கும் இந்த ஊர், இப்படி இரண்டு ஈரங்களுக்கு நடுவில் ஒரு கோடு போட்டதுபோலக் கிடக்கிறது.

இந்த மாதிரி ஊரில் செய்தி என்றால் என்ன? நேற்றிரவு அலை எவ்வளவு கல்லைத் தெருவுக்குள் வாரிப்போட்டது, உயிர்காப்புப் படகுக்குழுவுக்கு எத்தனை மணிக்கு அழைப்பு வந்தது, யாருடைய பாட்டிக்குத் தொண்ணூறு வயது நிறைந்தது, பள்ளிக்கூடத்தில் இந்த வருடம் எத்தனை பிள்ளைகள் சேர்ந்தார்கள். லண்டன் பத்திரிகை எதுவும் இவற்றில் ஒன்றைக்கூட அச்சிடாது. கார்டிஃப் தொலைக்காட்சியும் சொல்லாது. ஆனால் அந்த ஊரில் இருப்பவர்களுக்கு இவைதான் தலைப்புச் செய்தி. இதைச் சொல்வதற்கென்று அவர்களே உண்டாக்கிக்கொண்ட ஒரு ஏற்பாடு ஐம்பது ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கிறது. வேல்ஸ் மொழியில் அதற்கு 'பாப்பிர் ப்ரோ' என்று பெயர். 'பாப்பிர்' என்றால் பத்திரிகை. 'ப்ரோ' என்ற சொல்லை நம் 'ஊர்ப்பக்கம்' என்ற சொல் கிட்டத்தட்டப் பிடித்துவிடும். 'எங்க ஊர்ப்பக்கம் இப்படித்தான்' என்று நாம் சொல்லும்போது எந்த எல்லையை மனதில் வைத்துச் சொல்கிறோமோ, அதுதான் ப்ரோ. அவர்களிடம் இன்னொரு வழக்கும் உண்டு: 'மில்டிர் ஸ்க்வார்', அதாவது சதுர மைல். ஒருவன் பிறந்து வளர்ந்து, கண்ணை மூடிக்கொண்டு நடக்கத் தெரிந்த அந்தச் சின்ன நிலத்துக்கு அப்படி ஒரு பெயர்.

முதல் ஊர்ப் பத்திரிகை கிராமத்தில் தொடங்கவில்லை, தலைநகரில் தொடங்கியது. 1973 ஏப்ரலில் கார்டிஃப் நகரில் 'அ தினெசித்' வெளிவந்தது. 'நகரவாசி' என்று பொருள். ஆங்கிலம் பேசும் பெரிய நகரம் ஒன்றில் ஆங்காங்கே சிதறிக் கிடந்த வேல்ஸ் மொழிக்காரர்களுக்கு, தங்களுக்குள் யார் எங்கே இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளவே ஒரு தாள் தேவைப்பட்டது. அடுத்த ஆண்டே போர்த்துக்குப் பக்கத்தில் இருக்கும் தால்-அ-போன்ட் பகுதியில் 'பாப்பிர் பௌப்' வந்தது. 'எல்லாருடைய பத்திரிகை' என்பது அதன் பொருள். அப்புறம் காட்டுத்தீதான். சில ஆண்டுகளுக்குள் நாடு முழுக்கப் பத்துப் பத்தாய் முளைத்தன. இன்றைக்கும் ஐம்பதுக்கு மேல் இருக்கின்றன.

ஏன் எழுபதுகளில்? அதற்குக் காரணம் உண்டு. 1962-ல் எழுத்தாளர் சாண்டர்ஸ் லூயிஸ் வானொலியில் ஆற்றிய உரை, இப்படியே போனால் வேல்ஸ் மொழி அழிந்துவிடும் என்று எச்சரித்தது. அதைக் கேட்ட இளைஞர்கள் இயக்கம் கட்டினார்கள். ஊர்ப்பெயர்ப் பலகைகளில் ஆங்கிலத்தை மட்டும் எழுதக்கூடாது என்று பலகைகளுக்குச் சாயம் பூசிச் சிறைக்குப் போனவர்கள் உண்டு. 1967-ல் ஒரு மொழிச் சட்டம் வந்தது. அதே ஆண்டு, பெண்களுக்கென்று வேல்ஸ் மொழியிலேயே இயங்கும் 'மெர்ஹெட் அ வௌர்' சங்கம் பாலா நகருக்கு அருகில் பார்க் என்ற கிராமத்தில் பிறந்தது. போராட்டத்துக்குப் போகாத, ஆனால் மொழி மேல் உயிரை வைத்திருந்த சாதாரண ஆசிரியர்கள், விவசாயிகள், கடைக்காரர்களுக்கு ஒரு வேலை தேவைப்பட்டது. அதே சமயம் ஆஃப்செட் அச்சு மலிவாகி, தட்டச்சு இயந்திரமும் கத்தரிக்கோலும் பசையும் இருந்தால் பத்திரிகைப் பக்கம் தயாரித்துவிடலாம் என்ற நிலை வந்தது. ஆசையும் கருவியும் ஒரே நேரத்தில் கைக்கு வந்து சேர்ந்தன.

போர்த்தின் வேல்ஸ் மொழிச் செய்திகள் வரும் பத்திரிகை 1977-ல் தொடங்கியது. பெயர் 'அ டிங்கர்'. ஓட்டைப் பாத்திரம் அடைக்க ஊர் ஊராகப் போகிறவருக்கான சொல் அது. எனக்கு இந்தப் பெயர் மிகவும் பிடிக்கும். அந்தக் காலத்தில் ஒரு வீட்டுச் செய்தியை அடுத்த வீட்டுக்குச் சுமந்து போனவர்கள் இப்படிப்பட்ட ஆட்கள்தானே. லாம்பிடர் பகுதிப் பத்திரிகைக்கு 'க்ளோங்க்' என்று பெயர், அரட்டை என்று பொருள். வடமேற்கில், லீன் தீபகற்பத்தின் பத்திரிகை 'லனூ லீன்', லீனின் கடலேற்றம். தெற்குக் கெரெடிகியோன் கடற்கரை ஊர்களுக்கு 'அ காம்போ', வைக்கோல் வண்டி. பெயர்களைப் பார்த்தாலே போதும், இவை எந்த வீட்டுத் திண்ணையில் பிறந்தவை என்று தெரிந்துவிடும்.

வேலை நடக்கும் விதம் எளிது. ஒவ்வொரு கிராமத்துக்கும் ஒரு நிருபர். சம்பளம் கிடையாது. இன்ன தேதிக்குள் செய்தி வந்து சேர வேண்டும் என்று முந்தைய இதழிலேயே போட்டுவிடுவார்கள். மாதம் ஒன்று என்று பெயர், ஆனால் கோடையில் நிறுத்திவிட்டு செப்டம்பரில் மறுபடி தொடங்குவதுதான் பல பத்திரிகைகளின் வழக்கம். உள்ளூர்க் கடைகளின் விளம்பரம், நம் பஞ்சாயத்து போன்ற சமூக மன்றங்கள் தரும் சிறு தொகை, குலுக்கல் சீட்டு, அரசின் கொஞ்சம் மானியம் என்று பணம் சேரும்.

என்னை மிகவும் கவர்ந்தது மடிப்பு இரவு. பல பத்திரிகைகள் அச்சகத்திலிருந்து தனித்தனித் தாள்களாகத்தான் வந்தன. சில இன்னமும் அப்படித்தான். ஊர் மன்றத்திலோ தேவாலயத்தின் பின்னறையிலோ நீளமான மேசைகளைச் சேர்த்துப் போட்டு, பக்கவாரியாகக் கட்டுகளை வைப்பார்கள். ஒருவர் பின் ஒருவராக மேசையைச் சுற்றி நடந்து, ஒவ்வொரு கட்டிலிருந்தும் ஒரு தாள் எடுத்து, முனையில் மடித்து, கட்டைவிரல் நகத்தால் ஒரு இழுப்பு இழுத்து அடுக்குவார்கள். விரல்களில் மை ஒட்டும். ஒரு மூலையில் தேநீர் கொதித்துக்கொண்டிருக்கும். ஓய்வு பெற்ற ஆசிரியைக்குப் பக்கத்தில் பால்பண்ணைக்காரர், அவருக்குப் பக்கத்தில் பத்தாம் வகுப்புப் பிள்ளை. அன்றைக்கு அந்த அறையில் பேசித் தீர்க்கும் சங்கதிகள் பத்திரிகையில் வருவதைவிட அதிகமாக இருக்கும். இந்த மாதம் ஒரு கிராமத்துக்கு, அடுத்த மாதம் இன்னொரு கிராமத்துக்கு என்று முறை வைத்து மடிக்கிற பகுதிகளும் உண்டு. அந்தக் கைகளில் சில இல்லாமல் போகும் மாதத்தில், அவர்களுடைய இரங்கல் குறிப்பை மற்ற கைகள் மடிக்கின்றன.

உள்ளே என்ன இருக்கும்? வாழ்த்துகள் ஒரு பத்தி, அனுதாபங்கள் ஒரு பத்தி. பரீட்சையில் தேறியவர்கள், கல்யாணம், பிறந்த குழந்தை, மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியவர். தேவாலயத்தில் எந்த ஞாயிறு யார் போதிக்கிறார். எய்ஸ்டெத்வோட் என்னும் கலைப் போட்டியில் எந்தப் பள்ளிப் பிள்ளை கவிதை சொல்லிப் பரிசு வாங்கியது. இளம் விவசாயிகள் சங்கத்தின் நாடகம். பழைய புகைப்படம் ஒன்று, கீழே 'வலமிருந்து மூன்றாவது யார் என்று தெரிந்தால் சொல்லுங்கள்' என்ற வேண்டுகோள். மொழியைப் புதிதாகக் கற்பவர்களுக்குச் சொற்பொருளோடு ஒரு பகுதி.

படிக்கும் வெளியாளுக்கு ஒரு சிக்கல் வரும். வேல்ஸில் குடும்பப் பெயர்கள் மிகக் குறைவு. ஜோன்ஸ், வில்லியம்ஸ், டேவிஸ், ஈவன்ஸ் என்று ஒரு கைக்குள் அடக்கிவிடலாம். ஒரே தெருவில் நாலு ஜோன்ஸ் இருந்தால் என்ன செய்வது? ரொட்டிக்கடை ஜோன்ஸ், தபால் ஜோன்ஸ் என்று தொழிலைச் சேர்ப்பார்கள், அல்லது பண்ணையின் பெயரை, வீட்டின் பெயரை ஒட்டவைப்பார்கள். நம் ஊரில் 'மேலவீட்டு', 'கடைக்கார' என்று சேர்த்துச் சொல்கிறோமே, அதே பழக்கம். ஒரு அனுதாபச் செய்தியில் ஆளின் பெயர், வீட்டின் பெயர், முன்பு இருந்த பண்ணை, யாருடைய தங்கை, யாருடைய அத்தை என்று வரிசையாக வரும். ஊர்க்காரருக்கு அந்த ஒரு வாக்கியத்தில் ஒரு குடும்ப வரலாறே ஓடிவிடும்.

இதில் மொழிக்கு என்ன பங்கு என்று பார்க்க வேண்டும். 2021 கணக்கெடுப்பில் வேல்ஸ் மொழி பேசுவோர் 5,38,300 பேர், மக்கள்தொகையில் 17.8 சதவீதம். பத்தாண்டுக்கு முன் 19 சதவீதம். போர்த் இருக்கும் கெரெடிகியோன் மாவட்டத்தில் 47.3 சதவீதமாக இருந்தது 45.3 ஆகிவிட்டது. பள்ளியில் படித்த மொழி, வானொலியில் கேட்ட மொழி எல்லாம் சரி. ஆனால் ஒரு பால்பண்ணைக்காரர் தன் பக்கத்து வீட்டுக்காரரின் சாவைப் பற்றித் தன் மொழியில் நாலு வரி எழுதி, அது அச்சில் வந்து, நானூறு வீட்டில் படிக்கப்படுகிறது என்றால், அதுதான் மொழி உயிரோடு இருப்பதற்கு அடையாளம். கவிஞர்களும் பேராசிரியர்களும் எழுதிக்கொண்டே இருப்பார்கள். மற்றவர்கள் எழுதுவதை நிறுத்தும் நாள்தான் ஆபத்தான நாள்.

ஆனால் இதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். கடற்கரை ஊர்கள் பலவற்றில் பாதிப்பேருக்கு மேல் அந்த மொழி படிக்கத் தெரியாது. போர்த்துக்கு 1863-ல் ரயில் வந்ததிலிருந்தே வெளியூர் ஆட்கள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். 1876-ல் இங்கிலாந்தின் உப்பிங்ஹாம் பள்ளியில் டைஃபாய்டு பரவியபோது, தலைமையாசிரியர் எட்வர்ட் திரிங் சுமார் 300 மாணவர்களோடு பள்ளியையே பெயர்த்துக்கொண்டு போர்த்துக்கு வந்துவிட்டார். ஓராண்டுக்கு மேல் இருந்தார்கள். 1877 ஜனவரியில் புயலடித்துக் கடல் தெருவுக்குள் புகுந்தது. வந்தவர்களும் இருந்தவர்களும் ஒரே தண்ணீரில் நின்றார்கள், மாணவர்களும் சீரமைப்பில் கைகொடுத்தார்கள். வந்தவர் யார், இருந்தவர் யார் என்ற கேள்வி கடலுக்குக் கிடையாது. ஆனால் அதைப் பற்றிய செய்தி எந்த மொழியில் யாருக்குப் போய்ச் சேர்கிறது என்ற கேள்வி உண்டு.

வெளியுலகம் போர்த்தை எப்போது எட்டிப்பார்க்கிறது? 2014-ன் தொடக்கத்தில் அடுத்தடுத்து அடித்த புயல்கள் கடற்கரை மணலை அரித்துக்கொண்டு போனபோது, அடியில் புதைந்திருந்த காட்டின் அடிமரங்கள் நூற்றுக்கணக்கில் வெளிப்பட்டன. பைன், ஓக், ஆல்டர், பிர்ச். 4,500 முதல் 6,000 ஆண்டுகளுக்கு முன் கடல் ஏறி மூழ்கடித்த காடு அது. 'பீட்' என்னும் சதுப்பு மண்படிவில் பதிந்திருந்ததால் மட்கவில்லை. க்விட்னோ என்ற அரசனின் வளமான நாட்டை, மதகைக் காக்க வேண்டிய செய்தெனின் குடித்துவிட்டு மறந்துபோனதால் ஒரே இரவில் கடல்கொண்டது என்ற கதையை அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் எல்லாரும் கேட்டு வளர்கிறார்கள். அந்தக் கதைக்கு வேர் அகப்பட்டது போல உலகப் பத்திரிகைகள் எழுதின. அப்புறம் 2017 அக்டோபர் கடைசியில் ஊரின் சிறு விலங்குக் காட்சியகத்திலிருந்து ஒரு லிங்ஸ் பூனை தப்பியது. நவம்பரில் அது சுட்டுக் கொல்லப்படும் வரை கேமராக்கள் வந்துபோயின. அதோடு சரி. வெளியிலிருந்து வரும் செய்தியாளருக்கு ஊர் ஒரு காட்சி. ஊரில் இருப்பவருக்கோ, அடுத்த மாதமும் அங்கேதான் இருந்தாக வேண்டும்.

இந்த வேறுபாடு எவ்வளவு ஆழமாகக் காயப்படுத்தும் என்பதற்கு, அதே கரையில் வடக்கே இருக்கும் ஃபேர்போர்ன் கிராமத்தைப் பார்க்க வேண்டும். மாவு வியாபாரி ஆர்தர் மெக்டூகல் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கடலோரத் தாழ்நிலத்தில் கட்டத் தொடங்கிய விடுமுறை ஊர் அது. மேற்கே கடல், வடக்கே மௌதாக் ஆற்றின் கழிமுகம், பின்னால் மலையிலிருந்து இறங்கும் ஓடை. பெரிய கடலேற்றத்தின்போது நீர்மட்டம் ஊரின் தரைமட்டத்தைவிட மேலே நிற்கும், கரைகள்தான் தடுத்து நிறுத்துகின்றன. சுமார் 450 வீடுகள்.

மேற்கு வேல்ஸ் கரையோர மேலாண்மைத் திட்டம் என்ற ஒரு பெரிய ஆவணம் இந்த ஊரின் விதியை எழுதியது. முதலில் சில காலம் 'கரையைக் காத்தல்', அதன் பின் 'திட்டமிட்ட பின்வாங்கல்', கடைசியில் 'தலையிடாமை'. க்வினெத் மாவட்ட மன்றம் 2013-ல் அதை ஏற்றது. ஆலோசனைக் கூட்டங்கள் நடந்தன, ஆவணம் பொதுவில் இருந்தது. ஆனால் அந்தச் சொற்களுக்கு உண்மையான அர்த்தம், இந்தத் தெருவைக் காக்க இனிப் பணம் செலவழிக்க மாட்டார்கள், 2050-களுக்குள் ஊரையே காலி செய்ய வேண்டிவரும் என்பதுதான். அதைப் பலர் தெரிந்துகொண்டது 2014 பிப்ரவரியில், பிபிசி வேல்ஸ் தொலைக்காட்சியில், ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் சோபாவில் உட்கார்ந்திருந்தபோது. தன் வீட்டுக்கு முடிவு தேதி குறித்துவிட்டார்கள் என்பதை ஒரு மனிதர் டிவி பார்த்துத் தெரிந்துகொள்வது எப்படிப்பட்ட கொடுமை என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.

விளைவு உடனே வந்தது. வங்கிகள் அந்த ஊர் வீடுகளுக்குக் கடன் தரத் தயங்கின. விலை சரிந்தது. ரொக்கமாகக் கொடுத்து வாங்குகிறவர் மட்டுமே வாங்க முடிந்தது. 'பிரிட்டனின் முதல் காலநிலை அகதிகள்' என்று உலகம் முழுக்கத் தலைப்புகள் வந்தன. ஊர்க்காரர்கள் ஒன்றுகூடிச் சங்கம் அமைத்து, எந்தக் கணக்கில் இந்தத் தேதியைச் சொல்கிறீர்கள், இழப்பீடு உண்டா, நாங்கள் எங்கே போவது என்று கேட்டார்கள். பிரிட்டனில் கடல் அரித்த வீட்டுக்கு இழப்பீடு கேட்கச் சட்ட உரிமை இல்லை என்பதே பலருக்கு அப்போதுதான் தெரிந்தது.

கடல்மட்டம் ஏறுவதை எந்தப் பத்திரிகையாலும் நிறுத்த முடியாது. ஆனால் அந்த ஆவணம் வரைவாக இருந்த காலத்திலேயே, ஊருக்குள் இருந்து ஒருவர் மன்றக் கூட்டத்துக்குப் போய் உட்கார்ந்து, 'திட்டமிட்ட பின்வாங்கல்' என்பதை அடுப்பங்கரை மொழியில் எழுதி வீட்டுக்கு வீடு போட்டிருந்தால், நாலைந்து வருட அவகாசம் கிடைத்திருக்கும். ஃபேர்போர்னில் வசிப்பவர்களில் பெரும்பாலோர் இங்கிலாந்திலிருந்து ஓய்வுக்காலத்துக்கு வந்து குடியேறிய ஆங்கிலம் பேசுபவர்கள். வேல்ஸ் மொழி ஊர்ப் பத்திரிகை அவர்களுக்குப் புரியாது. ஆங்கில வார இதழ்களில் செய்தியாளர் எண்ணிக்கை குறைந்துகொண்டே வருகிறது. இரண்டுக்கும் நடுவில் விழுந்துவிட்டார்கள். கடலோர ஊர்களின் உள்ளூர்ச் செய்தியில் இருக்கும் பெரிய ஓட்டை இதுதான் என்பது என் கணிப்பு: யார் அதிகம் புதிதாக வந்திருக்கிறார்களோ, அவர்களுக்குத்தான் ஊர் குறைவாகச் சொல்லப்படுகிறது.

லீன் தீபகற்பத்து அபர்சோக்கில் கதை வேறு. அங்கே கடல் வரவில்லை, பணம் வந்தது. படகுக்காரர்களுக்கும் அலைச்சறுக்குக்காரர்களுக்கும் பிடித்த ஊர். வீடுகளை விடுமுறைக்காக வாங்குகிறவர்கள் கொடுக்கும் விலைக்கு உள்ளூர்ச் சம்பளக்காரர் கிட்டே போக முடியாது. கோடையில் தெரு நிரம்பி வழியும், நவம்பரில் ஜன்னல்கள் இருட்டாக இருக்கும். அப்படி இருட்டான வீடுகளிலிருந்து பள்ளிக்குப் பிள்ளைகள் வருவதில்லை. ஊரின் தொடக்கப் பள்ளி 2021 டிசம்பரோடு மூடப்பட்டது. கடைசியில் அங்கே படித்தவர்களைக் கைவிரல்களால் எண்ணிவிடலாம். பிள்ளைகள் பக்கத்து சார்ன் பாக் பள்ளிக்குப் போகிறார்கள்.

இது மொழி பேசும் மண்ணின் நடுப்பகுதி. க்வினெத்தில் 64.4 சதவீதம் பேர் வேல்ஸ் மொழி பேசுகிறார்கள். அதனால் பள்ளி மூடல் வெறும் நிர்வாகச் செய்தியாக அங்கே படிக்கப்படவில்லை. 'வேல்ஸ் விற்பனைக்கு அல்ல' என்ற முழக்கமும், சொந்த ஊரில் வாழும் உரிமை கேட்கும் இயக்கமும் இந்தக் கரையோர ஊர்களிலிருந்துதான் கிளம்பின. வேல்ஸ் அரசு 2023 ஏப்ரலிலிருந்து இரண்டாம் வீடுகளுக்கு மாவட்ட மன்றங்கள் விதிக்கும் கூடுதல் வரியை 300 சதவீதம் வரை உயர்த்த அனுமதித்தது. க்வினெத் 150 சதவீதம் விதித்தது. விடுமுறை விடுதி என்று வணிக வரிக்கணக்கில் சேர வேண்டுமானால் ஆண்டில் 182 நாளாவது வாடகைக்குப் போயிருக்க வேண்டும் என்ற விதியும் வந்தது. இந்த எண்கள் ஒவ்வொன்றும் ஊர் மன்றங்களிலும் தேவாலய வாசல்களிலும் பேசிப் பேசி உருவானவை. எத்தனை ஜன்னல்களில் குளிர்காலத்தில் விளக்கெரிகிறது என்று எண்ணிப் பார்க்க உள்ளூர்க் கண்கள் வேண்டியிருந்தன.

போர்த்துக்குத் திரும்பி வருகிறேன். 1966 முதல் அங்கே ஒரு உயிர்காப்புப் படகு நிலையம் இருக்கிறது. குழுவினர் தன்னார்வலர்கள். இடுப்பில் இருக்கும் கருவி ஒலித்தால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். சமையலறையில் அடுப்பை அணைக்கிற ஒரு நொடி, அவ்வளவுதான். ரயில் நிலையத்தின் பழைய கட்டடத்தைத் தன்னார்வலர்கள் ஓர் அருங்காட்சியகமாக நடத்துகிறார்கள். சமூக மன்றத்தில் உட்காருபவர், கோடை விழாவுக்கு மேசை தூக்குபவர், பத்திரிகைக்குச் செய்தி எழுதுபவர் என்று பட்டியல் போட்டால் அதே முகங்கள் திரும்பத் திரும்ப வரும். சின்ன ஊர்களில் எங்கும் இப்படித்தான், ஒரு பத்துப் பதினைந்து பேரின் தோளில் எல்லாம் நிற்கும். அவர்களுக்கு வயதாகிறது. அடுத்து யார் என்பதுதான் ஒவ்வொரு ஊர்ப் பத்திரிகையின் ஆண்டுக் கூட்டத்திலும் கேட்கப்படும் கேள்வி.

இளையவர்கள் ஃபேஸ்புக்கில் இருக்கிறார்கள். தொலைந்த நாய், மூடிய சாலை, மின்தடை என்றால் அதைவிட வேகமானது இல்லை, இதை ஒப்புக்கொள்ள வேண்டும். இரு மொழிக்காரர்களும் அங்கே ஒன்றாக இருக்க முடிகிறது என்பதும் பெரிய விஷயம். வேல்ஸ் மொழி இதழ் நடத்தும் 'கோல்க்' நிறுவனம் தொடங்கிய 'ப்ரோ360' திட்டத்தில், அபரிஸ்த்வித் பகுதி உட்படப் பல இடங்களில் ஊர்க்காரர்களே வேல்ஸ் மொழியில் இணையச் செய்தி எழுதுகிறார்கள். ஒரு சண்டையில் மூடிவிட்ட முகநூல் குழுவோடு பத்து வருடப் பேச்சு காணாமல் போகும். அச்சில் வந்த ஊர்ப் பத்திரிகையோ, ஏழு மைல் தள்ளி அபரிஸ்த்வித் குன்றின் மேல் இருக்கும் வேல்ஸ் தேசிய நூலகத்தில் போய்ச் சேருகிறது. நாட்டின் பெரும் புலவர்களின் கையெழுத்துச் சுவடிகள் இருக்கும் அதே கட்டடத்தில், 1980-களில் போர்த் பிள்ளை ஒன்று ஓட்டப்பந்தயத்தில் இரண்டாவதாக வந்த செய்தியும் இருக்கிறது.

கோடை முழுக்கப் பத்திரிகை வராது. தெருவில் விடுமுறைக்காரர்கள், கடற்கரையில் கூடாரங்கள். செப்டம்பர் இதழுக்குச் செய்தி அனுப்பும் கடைசித் தேதி நெருங்கும்போது, கிராம நிருபர் இரண்டு மாதக் கணக்கை எடுத்துக்கொண்டு உட்காருகிறார். ஜூலையில் கண்ணை மூடியவர் யார், ஆகஸ்டில் பிறந்தது ஆணா பெண்ணா, புதிதாகக் குடிவந்தவர்கள் வீட்டின் பழைய பெயரை வைத்துக்கொண்டார்களா மாற்றிவிட்டார்களா என்று ஒவ்வொரு வீடாக நினைத்துப் பார்த்து எழுதுகிறார்.